பார்சல் ராத்தாவின் கூலி

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று என் வேன் கியர்பெட்டி கழற்றப்பட்டு, வயல்பக்கத்துக் கராஜ் ஒன்றில் மரக்குத்திகளின் மேல் நின்றது. அதனால் அது பிழைத்தது. நானும் மனைவியும் மகளும் ஊரின் மேற்கே ஒரு கலியாண வீட்டில் நின்றோம். அதனால் நாங்கள் பிழைத்தோம். மருதமுனைக் கடற்கரையோரம் என் மனைவிக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அத்திவாரத்தோடு போய்விட்டது. அவள் வேலை செய்த தறிக்கொட்டிலும் போனது. எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பேர் இல்லாமல் போனார்கள். அதைப் பற்றி இங்கே நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தவை.

கடலுக்கு முன்னால் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தேன். பிறகு பள்ளிக்கூடங்கள் முகாம்களாகின. வேனின் லீசிங் காசு மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியதாகவே இருந்தது. அந்த நேரத்தில்தான் கல்முனைப் பிரதான வீதியில் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர் என்பதால் எல்லாரும் அவரை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். வெளிநாட்டுக்கு அழைப்பு எடுக்கிறதும் போட்டோக்கொப்பி அடிக்கிறதும் அவருடைய தொழில். அதோடு பார்சல் வேலையையும் புதிதாக எடுத்திருந்தார்.

"வேன் ஒண்ட. எண்ணச் செலவும் ஒண்ட. ஒரு பார்சல் ஊட்டுல குடுத்து கையெழுத்து வாங்கினா ஒரு பார்சலுக்குரிய கூலி. குடுக்காம திருப்பிக் கொண்டுவந்தா ஒண்டுமில்ல" என்றார் ஹாஜியார்.

"மாசச் சம்பளம் இல்லையா ஹாஜியார்?"

"எனக்கே இல்ல மகன்."

அவர் சொன்னது உண்மை. கொழும்பில் ஒரு கொம்பனி இருந்தது. அவர்கள் கிழக்குக்கான வேலையை மட்டக்களப்பில் ஒரு ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்த ஆள் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ளதை ஹாஜியாருக்குக் கொடுத்திருந்தார். ஹாஜியார் எங்களுக்குக் கொடுத்தார். தண்ணி வாய்க்காலில் இறங்குகிற மாதிரி காசு மேலிருந்து கீழே வரும். கடைசி வயலுக்கு வந்து சேரும்போது கால் நனைக்கத்தான் காணும்.

எங்கள் என்றால் நானும் இன்னொருவனும். அவன் பாண்டிருப்புக்காரன், கடற்றொழில் செய்கிற குடும்பம். தோணி போன பிறகு, மைத்துனர் ஒருவரின் பழைய வேனை வாங்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்தவன். என்னை மச்சான் என்பான், நானும் அவனை மச்சான் என்பேன். என் மனைவி அவனுக்குத் தங்கச்சி, அவளுக்கு அவன் அண்ணன். அவனைப் போல ஒரு கூட்டாளி எனக்கு அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இல்லை. எனக்குக் கரையோரம்: மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று. அவனுக்கு உள்பக்கம்: நாவிதன்வெளி, மத்தியமுகாம், வயல்களுக்கு நடுவில் உள்ள ஊர்கள். ஒரு பார்சல் கொடுக்க அவன் கிரவல் றோட்டில் அரைநாள் ஓடுவான். கூலி இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

வேலை தொடங்கிய மாதம் கொழும்பிலிருந்து மஞ்சள் சட்டைகள் வந்தன. நெஞ்சில் கொம்பனியின் அடையாளம். "இதப் போடாம பார்சல் குடுக்கக் கூடாதாம்" என்றார் ஹாஜியார். நாங்கள் சந்தோசமாகப் போட்டுக்கொண்டோம். மாதக் கடைசியில் பார்த்தால் சட்டையின் விலையை எங்கள் கூலியில் கழித்திருந்தார்கள். காய்ச்சல் வந்தால் ஏதாவது தருவார்களா என்று கேட்டபோது, நீங்கள் எங்கள் ஊழியர்கள் இல்லையே என்று மேலிருந்து பதில் வந்தது.

"சட்ட போடக்குள்ள மட்டும் நாம அவங்கட ஆக்கள், காய்ச்சல் வரக்குள்ள நாம ஆரோ" என்று சொல்லிக் கூட்டாளி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவன் சிரிக்கிறபோது கோபத்தை வைத்துக்கொண்டிருக்க ஏலாது.

செக்பொயின்ட்டில் ஆமிக்காரருக்கு எல்லாப் பார்சலையும் இறக்கிக் காட்ட வேண்டும். அரிசி மூட்டை மாதிரிக் கனக்கிற பெட்டிகளை வெயிலில் இறக்கி, அவர்கள் தட்டிப் பார்த்த பிறகு திரும்ப ஏற்ற வேண்டும். அந்த நேரத்துக்கும் கூலி இல்லை. பெட்டி நசிந்தால் எங்கள் கணக்கில் வெட்டுவார்கள். இதையெல்லாம் தாங்கலாம். தாங்க முடியாதது கதவு திறக்காத வீடுகள்தான்.

அந்தப் பார்சல்களில் முக்கால்வாசி வெளிநாட்டிலிருந்து வந்தவை. கட்டாரிலும் சவூதியிலும் வேலை செய்கிற புருசன்மார் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து எங்கள் கைக்கு வரும். வீட்டில் பொம்பிளை தனியே. வாசலில் தெரியாத ஆம்பிளை ஒருவன் மஞ்சள் சட்டையோடு நின்று ஹோர்ன் அடித்தால் அவள் எப்படி வெளியே வருவாள்? நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும்.

"அவரு ஊட்ட இல்ல. பொறகு வாங்க."

"ராத்தா, அவரு அனுப்பின பார்சல்தான் இது!"

"அவரு ஊட்ட இல்ல."

சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்கு நான் அப்படி நடையாய் நடந்தேன். கடைசியில் அந்தப் பெட்டி திரும்பிக் கொழும்புக்குப் போனது. எண்ணெய்ச் செலவு என்னுடையது. இதைவிட மோசம் முகாம் ஆட்களின் பார்சல்கள். முகவரியில் கடற்கரை வீதி என்றிருக்கும். வீதியே இல்லை. அந்த ஆட்கள் ஒரு கிழமை கூடாரத்தில், மறுகிழமை சொந்தக்காரர் வீட்டில், அதற்கு மறுகிழமை பலகைக் கொட்டிலில்.

நாங்களும் அப்போது பலகைக் கொட்டிலில்தான் இருந்தோம். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வந்து, சோற்றில் கை வைக்காமல் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டே மீன் முள்ளை எடுத்து மகளுக்கு ஊட்டினாள்.

"அந்தப் புள்ள கதவத் தொறக்காம இருந்தது சரிதானே? நானெண்டாலும் தொறக்க மாட்டன்" என்றாள்.

"அப்ப நான் என்ன செய்ற?"

"நான் வாறன். சாப்பிடுங்க."

மகளைத் தன் ராத்தாவிடம் விட்டுவிட்டு, அன்று பின்னேரமே முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அபாயாவைச் சரிசெய்துகொண்டு, ஏதோ கலியாணத்துக்குப் போகிற மாதிரி. நிந்தவூரில் ஒரு ஒழுங்கையில் நிறுத்தினேன். அவள் இறங்கி வேலிக் கடப்படியில் நின்று கூப்பிட்டாள்.

"ராத்தா! ஒங்கட மாப்புள்ள சாமான் அனுப்பிரிக்காரு! வந்து எடுங்க!"

கதவு திறந்தது. அது மட்டுமா? பக்கத்து வீட்டுக் கதவும் எதிர்வீட்டுக் கதவும் திறந்தன. நான் வேனுக்குள் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெட்டியைப் பிரிக்கிற சத்தம், "யா அல்லாஹ், இதப் பாருங்களன்!" என்கிற சத்தம், பிறகு ஒரே சிரிப்பு. என் மனைவி கையெழுத்தும் வாங்கி, இரண்டு கை நிறைய டொபியும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். நான் பார்சல் கொடுத்துக்கொண்டிருந்த அத்தனை நாளிலும் ஒரு பெட்டிக்குள் என்ன இருந்ததென்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அன்றைக்கு முழுவதும் அவள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வீட்டில் போர்வைக்குள் சுற்றிய பொம்மை. ஒரு வீட்டில் பெரிய செருப்பு. அந்த ராத்தாவின் காலுக்கு இரண்டு அங்குலம் கூட.

"'இம்புட்டு வருசம் கூட இருந்தும் என்ட கால் அளவு தெரியல்ல இந்த மனிசனுக்கு' எண்டு அந்தப் புள்ள அழுதுக்கிட்டே சிரிக்கா. எனக்கும் அழுகையும் சிரிப்பும்."

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. முகாமுக்குப் போனால் ஆம்பிளைகளிடம் விசாரிக்க மாட்டாள். நேரே தண்ணித் தாங்கிக்குப் போவாள். வாளி வைத்துக்கொண்டு நிற்கிற பொம்பிளைகளுக்கு யார் எந்தக் கூடாரத்தை விட்டு எங்கே போனார்கள் என்று தெரியும். திரும்பிப் போகிற பார்சல்கள் குறைந்து குறைந்து, ஏறக்குறைய இல்லாமலே போயின. சனம் அவளுக்குப் பார்சல் ராத்தா என்று பட்டம் வைத்தது. ஒழுங்கைக்குள் வேன் திரும்பும்போதே கத்துவார்கள்: "பார்சல் ராத்தா, எங்கட ஊட்டுக்கு ஒண்டுமில்லையா?" இல்லையென்றால் அவளே கவலைப்படுவாள். "அடுத்த முற வரும் ராத்தா, அவருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்க" என்பாள்.

எனக்கு அந்த நாட்கள் மிகவும் பிடித்திருந்தன. கலியாணம் முடித்து எத்தனை வருசம், அவளோடு இவ்வளவு கதைத்ததே இல்லை. அவள் தறியில், நான் றோட்டில் என்று போன காலம். இப்போது நிந்தவூர் தாண்டி இரண்டு பக்கமும் வயல் விரிகிற இடத்தில் அவள் யன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடிப்பாள். கதிர் தள்ளுகிற காலத்தில் அந்த வாசனைக்காகவே மெதுவாக ஓட்டச் சொல்வாள்.

அந்த மாதக் கூலியை நான் எடுத்து வந்தபோது அவள் கேட்டாள்.

"இதுல என்ட எது?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் வெளையாட்டுக்குக் கேக்கல்ல. தறியில நெய்றவருக்கு ஒரு சாரத்துக்கு இவ்வளவு எண்டு கூலி. நூல் சுத்திக் குடுக்கிறவளுக்கும் கூலி இரிக்கி. நூல் சுத்தாட்டித் தறி ஓடாது. இஞ்ச நான்தானே நூல் சுத்துற?"

"ஹாஜியாருக்கிட்டத்தான் கேக்கணும்."

"அப்ப கேப்பம்."

அடுத்த நாள் காலை பார்சல் ஏற்றுகிற நேரத்தில் அவளே கடைக்குள் வந்து கேட்டாள். ஹாஜியார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார்.

"புருசனோட வேனுல போற புள்ளைக்கு ஆரு மகள் சம்பளம் குடுக்கிற?"

"புருசனோட போறதுக்குச் சம்பளம் கேக்கல்ல ஹாஜியார். பார்சல் குடுக்கிறதுக்குக் கேக்கன்." எனக்குச் சொன்ன நூல் சுற்றுகிற கதையை அவருக்கும் சொன்னாள்.

அவர் மேலேயும் கீழேயும் பார்த்துவிட்டு, "பாப்பம்" என்றார். அவர் கெட்ட மனிதர் இல்லை. கடல் வந்த கிழமையில் தன் கடையில் இருந்த எல்லாப் போனையும் சனத்துக்கு இலவசமாகத் திறந்துவிட்டவர். ஆனால் காசு விசயத்தில் அவருடைய 'பாப்பம்' மிக நீளமானது. ஒரு மாதம் போனது, அடுத்த மாதமும் போனது. கூட்டாளியும் இதற்கிடையில் தன்னுடைய தூரத்து ஊர்களுக்குக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டான். அவனுக்கும் பாப்பம்தான்.

நோன்பு பிறந்தது. நோன்பு மாதம் என்றால் பார்சல் கொட்டும். பெருநாளுக்கு உடுப்பும் சாமானும் அனுப்பாத மாப்பிள்ளை யார்? முதல் நோன்பன்று காலை நான் வேனைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹோர்ன் அடித்தேன். அவள் வாசலில் நின்று தலையை ஆட்டினாள்.

"நான் வரல்ல. நோன்பு. ஊட்ட வேல இரிக்கி."

"எத்தின நாளைக்கு?"

"பாப்பம்" என்றாள்.

லீசிங் நாள் வருகிறது. ஆனால் அவள் அந்தச் சொல்லைச் சொன்ன விதத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது. தனியே போனேன். சாய்ந்தமருதில் ஹோர்ன் அடித்தேன். "பார்சல் ராத்தா வரல்லயா?" என்று கதவுக்குப் பின்னால் குரல். "வரல்ல" என்றேன். "அப்ப அவ வரக்குள்ள கொண்டு வாங்க." எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கதை. பின்னேரம் ஏறக்குறைய ஏற்றிக்கொண்டு போன அத்தனையையும் கடையில் கொண்டுவந்து இறக்கினேன்.

கூட்டாளி அங்கே நின்றான். நடந்ததைச் சொன்னேன். அவன் தன் வேனின் பின்கதவைப் பூட்டினான்.

"தங்கச்சி ஊட்ட இரிந்தா நானும் தூரத்துச் சாமான ஏத்த மாட்டன். கிட்டத்து ஊருக்கு மட்டும் ஓடுறன்."

"ஒனக்கு நட்டம்டா."

"இப்ப மட்டும் லாபமா மச்சான்?"

நாலைந்து நாளில் கடை நிரம்பிவிட்டது. போட்டோக்கொப்பி இயந்திரம் தெரியவில்லை. போன் பேசுகிற கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் பார்சல். ஹாஜியார் தன் கடை மூலையில் தொழுகிற இடத்திலும் பார்சல் ஏறி, அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து மருந்துக்கடைக்குத் தொழப் போனார். மட்டக்களப்பிலிருந்து வருகிற லொறி மட்டும் நிற்காமல் கொண்டுவந்து கொட்டியது. பிறகு பொம்பிளைகள் கடைக்கே வரத் தொடங்கினார்கள். பார்சல் கேட்டு இல்லை. "பார்சல் ராத்தாவுக்கு என்ன சொகமில்லையா? நீங்க அவவுக்கு என்ன சொன்னீங்க?" என்று கேட்டு. ஒரு ராத்தா கடை வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விட்டா. பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழும்பினா.

அன்று நோன்பு திறக்கிற நேரம், எங்கள் கொட்டில் வாசலில் ஹாஜியாரின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கையில் பேரீச்சம்பழப் பை. கூட்டாளி ஏற்கனவே உள்ளே இருந்தான். நோன்புக் கஞ்சி என்றால் அவனுக்கு உயிர், அந்த மாதம் முழுவதும் அவன் பின்னேரச் சாப்பாடு எங்களோடுதான். பாங்கு சொன்னது. பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணி குடித்தோம். என் மனைவி கஞ்சிக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினி வாசலில் பலகையில் உட்கார்ந்துகொண்டாள். ஹாஜியார் கஞ்சியைக் குடித்து முடித்தார். இன்னொரு கோப்பை வாங்கினார். அதையும் முடித்தார்.

"கஞ்சி நல்லாரிக்கி மகள்."

"அல்ஹம்துலில்லாஹ்."

"நாளைக்கு வாறீங்களா?"

"எதுக்கு ஹாஜியார்?"

"கடையில எனக்கு நிக்க எடமில்ல மகள்! தொழுது சுஜூது செய்ய எடமில்ல!"

கூட்டாளிக்குக் கஞ்சி புரையேறிவிட்டது. நான் அவன் முதுகில் தட்டினேன். என் மனைவி மட்டும் முகம் மாறவில்லை.

"ஹாஜியார், நீங்க எங்களுக்கு வாப்பா மாதிரி. அதால நேரே கதைக்கன். ஒரு பார்சலுக்கு இவருக்கு ஒரு கூலி எண்டா எனக்கு அதுல பாதி. அண்ணனுக்கு வாய்க்கால் தாண்டிப் போற ஊருகளுக்குத் தனிக் கூலி. மறுகா, ஊட்டுக்காரர் இல்லாமத் திரும்பி வாற பார்சலுக்கும் ஏதாச்சும் தரணும். நாங்க சும்மாவா போய் வாற? எண்ண எரியுது."

"எனக்கு மேல உள்ளவன் தராம நான் எங்கால தர?"

"அப்ப அவருக்கிட்டக் கேளுங்க. நாங்க ஒங்ககிட்டக் கேட்ட மாதிரி."

ஹாஜியார் சேட்டுப் பையிலிருந்து கைத்தொலைபேசியை எடுத்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அது அவரைப் போன்ற சிலரிடம்தான் இருந்தது. மட்டக்களப்பு ஆளைக் கூப்பிட்டார். அவர் கதைத்தது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதலில் பணிவாகத் தொடங்கினார். மறுபக்கம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஹாஜியாரின் குரல் ஏறியது.

"நீங்க கேளுங்க தம்பி! இது தறி நெய்ற ஊரு. நெய்றவனுக்கும் கூலி, நூல் சுத்துறவளுக்கும் கூலி. நூல் சுத்தாட்டித் தறி ஓடாது, வெளங்கிச்சா? ஒங்கட லொறி நாளைக்கும் சாமானோட வந்தா நான் றோட்டுலதான் அடுக்கணும். பொறகு கட்டார்ல இரிந்து மாப்புள்ளமாரெல்லாம் ஒங்களுக்குத்தான் போன் எடுப்பாங்க!"

என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். அவள் சொன்ன வார்த்தையை ஹாஜியார் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு மட்டக்களப்பு வரைக்கும் அனுப்புகிறாரே என்று. பிறகு ஹாஜியாரின் முகம் மெல்லச் சிரித்தது. போனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"பாதிக் கூலிக்கு ஓமாம். தூரத்துக்கும் ஓமாம். திரும்பி வாறதுக்கு எண்ணச் செலவு மட்டும் தருவானாம்." பிறகு இன்னும் சத்தத்தைக் குறைத்து, "பெருநாளைக்குப் பொறகு அந்த ராத்தாவ ஒரு கிழமைக்கு மட்டக்களப்புக்கு அனுப்ப ஏலுமா எண்டு கேக்கான். அங்கயும் கதவு தொறக்காங்க இல்லயாம்."

"கூலி எவ்வளவெண்டு கேளுங்க" என்றாள் என் மனைவி.

கொட்டில் அதிரச் சிரித்தோம். பக்கத்துக் கொட்டில் ஆட்கள் என்ன ஏதென்று எட்டிப் பார்த்தார்கள். ஹாஜியார் போகும்போது, "ஒங்களுக்கும் ஒரு மஞ்சள் சட்ட சொல்லி எடுக்கட்டா மகள்?" என்று கேட்டார். "சட்ட வேணாம் ஹாஜியார். அதுக்கும் வெட்டுவாங்க" என்றாள்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நசிந்த பெட்டிக்கு வெட்டுவது நிற்கவில்லை. சட்டைக் காசு திரும்பி வரவில்லை. செக்பொயின்ட்டில் நிற்கிற நேரத்துக்கு யாரும் எதுவும் தரவில்லை. காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை என்பதும் அப்படியே. ஆனால் அந்தப் பெருநாளுக்கு அவள் தன் கூலியைத் தன் கையில் வாங்கினாள். தறி போனதற்குப் பிறகு அவள் கைக்கு வந்த முதல் உழைப்பு. என்னிடம் ஒரு சதமும் தரவில்லை. மகளுக்கு உடுப்பு, தனக்கு ஒரு செருப்பு, எனக்கு ஒரு சாரம். சாரத்தைத் தந்தபோது அதன் நெசவைத் திருப்பித் திருப்பிக் காட்டி, இது எந்தத் தறியில் யார் நெய்தது என்றும் சொன்னாள்.

பெருநாளுக்கு முந்திய கிழமை அந்தப் பார்சல் மலையைக் கரைக்க எங்கள் மூன்று பேரால் முடியவில்லை. கூட்டாளியின் மனைவியும் வந்து சேர்ந்தா. அவவுக்கும் பாதிக் கூலி. என் மனைவி கதவுகளைத் திறப்பிப்பாள் என்றால், அவ பாரத்தைத் தூக்குவதில் எங்களை வென்றுவிடுவா. வலை இழுத்த கை. இருவரும் என் வேனில் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்பதால்தான் என்னை மட்டும் பார்சல்களுக்கு நடுவே பின்னால் உட்கார வைக்காமல் விட்டார்கள் என்று கூட்டாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். உண்மையில் ஒருநாள் அவன் பெட்டிகளுக்கு நடுவேதான் உட்கார்ந்து வந்தான். அக்கரைப்பற்றுச் சந்தியில் இறங்கியபோது முதுகில் கொம்பனியின் சிவப்பு முத்திரைத் தாள் ஒட்டியிருந்தது. யாரும் சொல்லவில்லை. தேத்தண்ணிக் கடை முழுக்கச் சிரித்த பிறகுதான் அவனுக்குத் தெரியவந்தது.

இப்படி மூன்று நாலு வருசம் ஓடியது. எங்களுக்கு வீட்டுத் திட்டத்தில் கல்வீடு கிடைத்தது. வேனின் லீசிங் முடிந்தது. வன்னியில் யுத்தம் இறுகிக்கொண்டே வந்தது. ஒருநாள் எல்லாம் முடிந்துவிட்டது என்ற செய்தி வந்தது. கல்முனையில் வெடி கொளுத்தினார்கள். செக்பொயின்ட்டில் ஆமிக்காரர்கள் வருகிற வாகனங்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் கூட்டாளியின் வேன் நின்றது. அவனும் பாற்சோற்றை வாங்கினான். சீட்டில் வைத்துவிட்டு, வாயில் வைக்காமல் ஓட்டிக்கொண்டு போனான்.

அவனுடைய அக்கா வன்னியில் கலியாணம் முடித்திருந்தா. மாதக் கணக்காக ஒரு தகவலும் இல்லை. எப்போதும் சிரிக்கிற மனிதன் சிரிக்காமல் விட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. என் மனைவி அவனிடம் ஒன்றும் கேட்க மாட்டாள். ஒவ்வொரு நாளும் காலையில் அவனுக்கும் ஒரு சோற்றுப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து அவனுடைய சீட்டில் வைத்துவிடுவாள்.

மாதங்கள் கழித்து, ஒரு முற்பகல், நாங்கள் இரண்டு வேன்களையும் கடை முன்னால் நிறுத்திச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹாஜியார் கடைக்குள்ளிருந்து ஓடி வந்தார். அவர் ஓடி நாங்கள் பார்த்ததே இல்லை. ஒரு கையால் சாரத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு றோட்டுக்கே வந்துவிட்டார்.

"ஒண்ட அக்கா! ஒண்ட அக்காடா! வவுனியாவில முகாமுல இரிக்காவாம்! லைன்ல நிக்கா, கதை, கதை!"

கூட்டாளி போனை வாங்கிக் காதில் வைத்தான். "அக்கா" என்று மட்டும் சொன்னான். அப்படியே ஒரு பார்சல் பெட்டியில் உட்கார்ந்துவிட்டான். பெட்டி நசிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை. போன் முடிந்த பிறகு அவன் சொன்னது: அக்காவும் மகளும் இருக்கிறார்கள். அத்தானைப் பற்றித் தெரியாது. முகாமிலிருந்து சொந்தக்காரரோடு போக விடத் தொடங்கியிருக்கிறார்கள். வந்து கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறா.

"எப்ப போறாய்?" என்றேன்.

அவன் ஏற்றிய சாமானைப் பார்த்தான். ஓடாத நாளுக்கு எங்களுக்குக் கூலி இல்லை. அந்தத் தூரத்துக்கு எண்ணெய்க் காசும் சின்னக் காசில்லை. என் மனைவி முன்சீட்டிலிருந்து இறங்கி வந்து அவனுடைய வேனின் பின்கதவைத் திறந்தாள்.

"அண்ணன்ட சாமான எங்கட வேனுக்கு மாத்துங்க. அண்ணன்ட ஊருகளையும் நாங்க ஓடுறம். கூலி அண்ணனுக்கு." பிறகு ஹாஜியாரைப் பார்த்தாள். "சரிதானே ஹாஜியார்?"

"கேக்கவும் வேணுமா மகள்? எண்ணையும் நான் அடிச்சுத் தாறன். வேன எடுத்துக்கிட்டு ஓடு தம்பி!"

எங்கள் தொழிலில் கூலியோடு ஒருவனுக்கு லீவு கிடைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. அவன் மனைவியும் அவனோடு போனா. நானும் என் மனைவியும் அவர்கள் திரும்பி வரும் வரைக்கும் கரையோரமும் ஓடினோம், உள்பக்கமும் ஓடினோம். அவன் எப்படி இந்தக் கிரவல் றோட்டில் இத்தனை வருசம் சிரித்துக்கொண்டே ஓடினான் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. நாவிதன்வெளியில் ஒரு அம்மா எங்களுக்கு மோர் தந்து, "எங்கட பொடியன் எங்க?" என்று விசாரித்தா. விசயத்தைச் சொன்னதும் வளவுக்குள் ஓடிப் போய் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து, அக்காவுக்கென்று வேனுக்குள் வைத்தா. அடுத்த வீட்டில் கோழி முட்டை. வாய்க்கால் ஓரத்து வீட்டில் ஒரு சாக்குப் புது அரிசி. பின்னேரம் நாங்கள் வெறும் வேனோடு திரும்ப வேண்டியவர்கள். போனதைவிடக் கூடப் பாரத்தோடு திரும்பினோம்.

அவர்கள் வந்து சேர்ந்த பின்னேரம் பாண்டிருப்பில் அவன் வீட்டு வாசலில் ஊரே நின்றது. வேன் வந்து நின்றது. கூட்டாளி இறங்கிப் பின்கதவைத் திறந்தான். அக்கா மெலிந்து, கறுத்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தா. அவ மெதுவாக இறங்கினா. கொம்பனியின் அடையாளம் ஒட்டிய வேனையும், தம்பியின் மஞ்சள் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தா.

"டேய் தம்பி, கடைசியில என்னையும் பார்சலாத்தான் கொண்டு வந்திரிக்காய்."

முதலில் சிரித்தது அவதான். பிறகு கூட்டாளி. மாதக் கணக்காகக் கேட்காத அந்தச் சிரிப்பு. அவன் சிரித்துக்கொண்டே அழுதான், அவனைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி அழுதா, என் மனைவி போய் அக்காவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். புது அரிசிச் சோறும் பூசணிக்காய்க் கறியும் மீன் குழம்பும் ஆக்கியிருந்தார்கள். ஹாஜியார் வீட்டிலிருந்து இனிப்புக்கு ஒரு பெரிய சட்டி வட்டிலப்பம் வந்தது. அந்தச் சின்னப் பிள்ளை வட்டிலப்பத்தை முதன்முதலாகச் சாப்பிட்டு, சட்டியை விட்டு நகரவே இல்லை.

கூட்டாளி இரண்டு நாள் தூங்காமல் ஓட்டியவன். கதிரையில் உட்கார்ந்து, கையில் சோற்றுத் தட்டோடு, யாரோ ஏதோ கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தூங்கிப் போனான். அக்கா எழும்பி வந்து, அவன் கையிலிருந்து தட்டை மெதுவாக எடுத்து, ஈ மொய்க்காமல் மூடி வைத்தா.